எண்ணூரில் நான் கெடுத்த முறை

மலேசியாவிலிருந்து சென்னைக்கு வரும் எங்கள் ஆட்களுக்கு இரண்டே வேலைதான்: கோயில், புடவை. மூன்றாவதாக ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்று சொல்லி என் முதலாளி என்னை அனுப்பிவைத்தார். கிள்ளானில் அவருடைய சிறிய சுற்றுலா நிறுவனத்தில் நான் பல வருடங்களாக வழிகாட்டி. இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பசுமைச் சுற்றுலா என்ற சொல் எங்கள் ஊரில் அப்போது சூடாக விற்றுக்கொண்டிருந்தது. வண்ணாரப்பேட்டையில் துணி வாங்கி முடித்த கூட்டத்தை எண்ணூருக்குக் கூட்டிப்போய், படகில் ஏற்றி, கழிமுகத்தில் இருக்கும் அலையாத்திக் காட்டையும் பறவைகளையும் காட்ட முடியுமா என்று நான் பார்த்துவர வேண்டும். ஒரு வாரம் அவகாசம்.

"எண்ணூர்ல காடா?" என்று ராயபுரத்தில் நான் தங்கிய விடுதிக்காரர் கேட்டார். "புகைபோக்கிங்க கீது, வேணும்னா எண்ணிப் பாத்துட்டு வாங்க." அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காடு இருந்தே ஆக வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். வேலைக்கு வந்தவள் இப்படி முன்முடிவோடு கிளம்புவது நல்லதல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்?

முதல் நாள் எண்ணூரைப் பார்க்கவே இல்லை. எனக்கு வாய்த்த ஆட்டோக்காரர் பாபு, வியாசர்பாடிக்காரர், இளவயதில் குத்துச்சண்டை போட்டவர். மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பிய நாங்கள், திருவொற்றியூரைத் தாண்டும் முன்பே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்திலும் லாரி. ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரமும் ஆனது.

"இது ரோடு இல்ல அக்கா, லாரி நிக்கிற ஷெட்டு. நடுவுல நாம வந்து பூந்துகினோம்" என்றார் பாபு, பேப்பர் படித்துக்கொண்டே.

பக்கத்து லாரியின் சக்கரத்தடியில் ஓட்டுநர் ஒருவர் மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். நெல்லூர்க்காரர், பேச்செல்லாம் தெலுங்கு. பாபுவுக்குத் தெலுங்கு தெரியும். ஓட்டுநர் சொன்னதை எனக்கு இப்படிச் சொன்னார்: "ரெண்டு நாளா இங்கதான் நிக்கிறாராம். இந்த ரோட்டு அட்ரஸ்ல ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் குடுக்க முடியுமான்னு கேக்குறாரு." நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார். உடனே இரண்டு தட்டில் சூடான சோறும் பருப்பும் கோங்குரா என்கிற புளிச்சக்கீரை ஊறுகாயும் வந்துவிட்டன. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், வாசனை விடவில்லை. எங்கள் கிள்ளான் துறைமுகத்திலும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இத்தனை வருடத்தில் அங்கே யாரும் எனக்குச் சோறு போட்டதில்லை. நானும் யாருக்கும் போட்டதில்லை.

இரண்டாம் நாள் விடியற்காலையிலேயே கிளம்பி எண்ணூர் போய்ச் சேர்ந்தோம். பாபுவின் தோஸ்து மூர்த்தி கழிமுகத்து ஓரமாக உள்ள ஒரு மீனவக் குப்பத்தில் இருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். கேட்டால்தான் பேசுவார். அவர் மனைவி தேசம்மா கேட்காமலே பேசுவார். மீன் விற்கிற குரல், தெருமுனைக்குக் கேட்கும். நான் உள்ளே நுழைந்ததும், "மலேசியாவா? அங்க மீன் கெடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றேன். "நல்ல மீனா?" என்றார்.

மூர்த்தி என்னைப் படகில் ஏற்றி, நீண்ட கம்பால் தள்ளிக்கொண்டு போனார். படகின் அடிப்பலகையில் ஓட்டை. உள்ளே வரும் தண்ணீரை அள்ளிக் கொட்டச் சொல்லி என்னிடம் ஒரு பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார். ஒரு பக்கம் புகைபோக்கிகள், விடுதிக்காரர் சொன்னது பொய்யில்லை. மறுபக்கம் திரும்பியதும் நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டேன். பச்சை அடர்ந்த அலையாத்தி மரங்கள், வேர்களெல்லாம் தண்ணீருக்குள் விரல் விட்டுக்கொண்டு நின்றன. வேருக்கு வேர் நண்டு. மரத்துக்கு மரம் கொக்கும் நாரையும். இந்த இடம் உயிரோடு இருக்கிறதே என்று மனம் பொங்கிவிட்டது.

"டப்பா, டப்பா" என்றார் மூர்த்தி. காலடியில் தண்ணீர் கணுக்கால்வரை வந்திருந்தது.

திரும்பும் வழியில் கம்பைத் தண்ணீருக்குள் ஊன்றிக் காட்டினார். முழங்கை அளவுகூட இறங்கவில்லை. இழுத்தபோது நுனியில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு ஒட்டியிருந்தது. அனல் மின் நிலையத்துச் சாம்பல். "முன்ன இங்க ஒரு ஆளு முங்குற ஆழம். இப்ப ஆத்துக்குள்ள ஆழமா கீறது ரெண்டே எடம்தான்."

மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டில். மடவை மீன் குழம்பு. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், வெட்கம் இல்லாமல். அப்போதுதான் தேசம்மா அந்த இரண்டு இடத்தின் கதையைச் சொன்னார். எல்லோரும் ஒரே சமயத்தில் போய் வலை கட்டினால் அந்த இரண்டு இடமும் ஒரே மாதத்தில் காலியாகிவிடும். அதனால் ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம். அன்றைக்கு அந்தக் குடும்பத்தின் வலை மட்டும்தான் அங்கே நிற்கும். இது பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு, எழுதிவைத்த காகிதம் எதுவும் கிடையாது.

"வர அமாவாசைக்கு எங்க முறை" என்று சொல்லும்போது தேசம்மாவின் முகம் பூரித்தது. அமாவாசைத் தண்ணீர் வேகமாக வடியும், இறால் அதோடு கூட்டமாக இறங்கும். ஒரு குடும்பத்துக்கு அமாவாசையும் முறையும் ஒன்றாக வாய்ப்பது அபூர்வம். ஒன்றரை வருடமாக இவர்களுக்கு வாய்க்கவில்லை. இந்த அமாவாசையில் கிடைப்பதை வைத்துத்தான் படகுக்கு அடிப்பலகை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் மழைக்காலத்துக்கு முன் படகைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு மூர்த்தி கன்டெய்னர் யார்டுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான். "அங்க போனா இந்த மனுசன் செத்துருவாரு அக்கா. பேச்சே வராது. இப்ப மட்டும் எங்க வருது" என்று சொல்லிச் சிரித்தார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? "நாளைக்குக் காலையில் ஆறு மணிக்கு இன்னொரு முறை போகலாமா? அந்த வெளிச்சத்தில் படம் எடுத்தால்தான் நன்றாக வரும்" என்றேன். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாளிக்கா?" என்றார் தேசம்மா. மூர்த்தி, "சரி அக்கா, ஓரமா போய்ட்டு வந்துடலாம்" என்றார். வேலை நல்லபடியாக நடக்கிறது என்று நான் இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள். பனி லேசாக மூடியிருந்தது. மூர்த்தி கரையை ஒட்டியே படகைத் தள்ளிக்கொண்டு போனார். தூரத்தில், நடு ஆற்றில், கூழைக்கடாக்கள் கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வாத்தைப் போல மூன்று மடங்கு இருக்கும். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. "கொஞ்சம் கிட்டே" என்றேன். அவர் தயங்கினார். "கொஞ்சம்தான்" என்றேன். படகு நடுவாக்கில் திரும்பியது. "இன்னும் கொஞ்சம்." வழிகாட்டியின் வாய் என் வாய், ஆளைத் தட்டிக்கொடுத்து நகர்த்தியே பழக்கப்பட்டது. பறவைகள் ஒரே வீச்சில் தண்ணீரை அடித்துக்கொண்டு எழும்பின. நான் படம் எடுத்தேன். அருமையான படம். அதை இன்றுவரை நான் யாருக்கும் காட்டியதில்லை.

பறவைகள் போனபின்தான் அவற்றுக்குப் பின்னால் இருந்த வலை தெரிந்தது. குறுக்கே கட்டிய வலை, அதன் ஓரமாக ஒரு படகு, படகில் ஐம்பது வயதுள்ள ஒருவர் நின்றிருந்தார். எல்லப்பன். அன்றைக்கு அவருடைய முறை.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "மூர்த்தி, இன்னிக்கு யார் முறை?" என்றார்.

"உன்துதான் மாமு."

"அப்ப நீ இங்க இன்னா பண்ற?"

எல்லப்பன் வலையைத் தூக்கிக் காட்டினார். கோரைப்புல்லும் ஒரு பாலித்தீன் பையும், அடியில் கைப்பிடி அளவுக்கு இறாலும் இருந்தன. தண்ணீர் வடியும் நேரத்தில் மேல் பக்கத்திலிருந்து ஒரு படகு வந்து கலக்கினால், இறால் வந்த வழியே திரும்பிப் பள்ளத்தில் ஒளிந்துகொள்ளுமாம். அதனால்தான் அடுத்தவர் முறை நாளில் வலை இல்லாமல்கூட அந்த இடத்துக்குள் யாரும் படகைக் கொண்டுபோக மாட்டார்கள். இந்த விவரம் எனக்கு அந்தப் படகிலேயே, எல்லப்பன் மூர்த்தியிடம் கேட்ட கேள்விகளிலிருந்துதான் புரிந்தது. "வேடிக்க காட்ட வந்து என் முறைய கலீஜ் பண்ணிட்டியே" என்றார் கடைசியாக. கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் அந்தக் குரலில்.

கரைக்கு வந்ததும் நான் தேசம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் போயிருப்பேனா?

"வூட்டுக்கு வந்தவங்க வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறாங்க. இல்லன்னு எப்டிக்கா சொல்றது?" என்றார். "ஓரமாவே போய்ட்டு வந்துடுவாருன்னு நெனச்சேன்."

ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சம் என்று நடுவுக்கு இழுத்தவள் நான்.

அன்று மாலை நான்கு மணிக்கு, வலை பின்னும் கொட்டகையில் ஊர் கூடியது. இருபது பேர் இருப்பார்கள். மூர்த்தி எழுந்து நின்று, "தப்பு என்து" என்றார். அவ்வளவுதான் அவருடைய வாதம். விருந்தாளி கேட்டாள் என்றுகூடச் சொல்லவில்லை. ஊர்த் தலைவர் அதிகம் யோசிக்கவில்லை, யோசிக்க அதில் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. அடுத்தவன் முறையைக் கெடுத்தவன் தன் அடுத்த முறையை அவனுக்குக் கொடுக்க வேண்டும். மூர்த்தியின் அடுத்த முறை அமாவாசை. அது எல்லப்பனுக்குப் போயிற்று.

எழுந்தேன். நஷ்டத்தை நான் கொடுத்துவிடுகிறேன், தவறு முழுக்க என்னுடையது, இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் எழுந்தேன். தேசம்மா என் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டார்.

"குந்து அக்கா. நீ எழுந்து கேட்டா அவுங்க வுட்டுடுவாங்க."

"அதுக்குத்தானே எழுந்தேன்!"

"விருந்தாளி கேட்டாங்கன்னு எங்க வூட்டுக்காரரு ஒரு தபா வுட்டுக்குடுத்தாரு. அதான் இங்க வந்து நிக்கிறோம். ஊரும் அதே மாரி வுட்டா அப்பால எதுக்கு முறை? சும்மா குந்து." அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் என் புடவையைப் பிடித்த பிடி தளரவில்லை.

நான் உட்கார்ந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் ஓர் ஆறு நினைவுக்கு வந்தது. கரை மரங்களில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் மின்னும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்கு படகுகள், துடுப்பு மட்டும். பிறகு எங்கள் விருந்தாளிகளுக்காக இன்னொரு படகு கேட்டோம், கிடைத்தது. மோட்டார் கேட்டோம், கிடைத்தது. அந்தக் கேள்விகளில் பாதியைச் சிரித்த முகத்தோடு கேட்டவள் நான். இல்லை என்று சொல்லவோ, என் புடவையைப் பிடித்து இழுக்கவோ அங்கே யாருமில்லை. இப்போது அந்த ஆற்றில் மரத்துக்கு நாலு மின்மினி இருந்தால் அதிகம். அதையும் காட்டிக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

நான்காம் நாள் ராயபுரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளிக்குப் போன் செய்தேன். ஆட்களை அழைத்து வரலாம், கரையோரமாக நடந்து மரங்களையும் பறவைகளையும் பார்க்கலாம், குப்பத்துப் பெண்கள் சமைத்துப் போடுவார்கள், சாம்பல் சேற்றையும் ஒளிக்காமல் காட்டலாம், ஆனால் படகு கிடையாது என்றேன். "படகு இல்லாமல் என்ன ஆற்றுச் சுற்றுலா?" என்றார். "ஒரு அரை மணி நேரம்? ஓரமாக?" என்றார். ஓரம் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும் என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. "நீ வா, பேசிக்கொள்வோம்" என்ற குரலில் குளிர் இருந்தது. பூத்துக்கு வெளியே நின்றிருந்த பாபு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல், பர்மாக்காரர்கள் கடைக்குக் கூட்டிப்போய் அத்தோ என்கிற நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். எங்கள் ஊர் மீகோரெங்குக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. காரம் மட்டும் இங்கே கூடுதல். மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வர, காரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு நன்றாக அழுதேன்.

"பேஜாரு ஆவாத அக்கா" என்றார் பாபு. "ரிங்குல ரூல்ஸ் படி அடி வாங்கனா அப்பால வலிக்காது. மூர்த்தி இப்ப நல்லா தூங்கினு கீறான்." மூக்கு வளைந்தவர் சொல்கிறார், நம்பித்தான் ஆக வேண்டும்.

ஐந்தாம் நாள் வெட்கத்தில் எண்ணூர்ப் பக்கமே போகவில்லை. ஆறாம் நாள் அமாவாசை. மறுநாள் எனக்கு விமானம். சொல்லாமல் போவது அதைவிட வெட்கம் என்று காலையிலேயே போனேன். மூர்த்தி வாசலில் கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்திருந்தார். தேசம்மா எனக்குக் காலை நாஸ்டா வைக்கிற சாக்கில் பாத்திரங்களை அதிகமாகவே உருட்டிக்கொண்டிருந்தார். இருவரும் ஆற்றின் பக்கம் பார்க்கவில்லை.

அப்போது எல்லப்பன் வந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பின்பு மூர்த்தியிடம், "தண்ணி வடிய ஆரம்பிச்சிடுச்சி. இன்னும் இங்க குந்திகினு கீற? வா" என்றார்.

"எங்க?"

"வலைக்கு ரெண்டு ஆளு வேணும்ல? என் தம்பிக்குக் கை வலியாம்."

அந்தத் தம்பி அவருக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். இரண்டு கையாலும் வலை மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்திருந்தான். "ஆமாண்ணே, ரொம்ப வலிக்குது" என்றான்.

மூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். தேசம்மா ஒரு கரண்டியோடு வெளியே ஓடி வந்தார். "முறை யாரோடதோ, அவரு யார வேணா கூட்டு சேத்துக்கலாம். கூட்டுக்குப் பாதி. அதுவும் முறைல கீது!" என்று எனக்குச் சொன்னாரா, கணவருக்குச் சொன்னாரா, தெருவுக்கே சொன்னாரா தெரியாது. மூர்த்தி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

படகு போவதை நானும் தேசம்மாவும் கரையில் நின்று பார்த்தோம். வெயில் ஏறியது. நாங்கள் நகரவில்லை. அவர் தன் கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். மூன்று மணி நேரம் கழித்துப் படகு திரும்பியபோது தண்ணீர் அதன் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே இறால் துள்ளுகிற சத்தம் கரைக்கே கேட்டது. "பலகை, பலகை" என்று தேசம்மா முணுமுணுத்தார்.

சாக்கை விரித்து, எல்லப்பன் ஒரு கூடை இந்தப் பக்கம், ஒரு கூடை அந்தப் பக்கம் என்று பங்கு பிரித்தார். பிரித்து முடித்ததும், கரையில் நின்றிருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்துக்கொண்டே வந்தார். பக்கத்து வீட்டுப் பெண், தபால்காரர், பாபு. அடுத்தது நான். அவர் கை நீண்டது. என் கை நீளவில்லை. அவருடைய ஒரு நாள் வலையில் கோரைப்புல்லை நிரப்பியவள் நான், எந்த முகத்தோடு வாங்குவது?

"இன்னாத்துக்கு யோசிக்கிற?" என்றார் எல்லப்பன். "கரைல நிக்கிறவங்களுக்கு ஒரு கை. ஆளப் பாத்துக் குடுக்கறது இல்ல. அதான் முறை."

நான் இரண்டு கையையும் நீட்டினேன்.